பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தசோகைப் பரிசோதனை: வடசென்னைப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துப் பள்ளிகளில் ரத்தசோகைப் பரிசோதனை நடக்கும்போது கூடமாட உதவிக்குப் போகிறவர்கள் நாங்கள். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்கள் கேட்கிறார்கள், வகுப்பாசிரியர்கள் கேட்கிறார்கள், சில சமயம் வரிசையில் நிற்கும் பிள்ளைகளே கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம். மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கத்தான் வேண்டும். அங்கே போய் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பிள்ளை நல்லாத்தானே ஓடியாடிக்கிட்டு இருக்கான், எதுக்கு ரத்தம் எடுக்கணும்?

ரத்தம் ஒரே நாளில் குறைவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும்போது உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது; இதயம் கொஞ்சம் வேகமாக அடித்துச் சமாளிக்கிறது. ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருள், 9 மட்டுமே இருக்கும் பையன் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டுதான் இருப்பான். நாலு ஓவர் போட்டதும் சுவரோரம் உட்கார்ந்துவிடுவான், அவ்வளவுதான் வெளியே தெரியும். வகுப்பில் இதே பிள்ளைக்குச் சோம்பேறி, கவனமில்லாதவன் என்று பெயர் வந்துவிடும். மூளை வேலை செய்வதற்கும் இரும்புச்சத்து தேவை. அது குறைந்தால் கவனிப்பதும் நினைவில் வைப்பதும் பாதிக்கப்படுகிறது.

உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புதான் முதலில் தீரும். ஹீமோகுளோபின் குறைவது கடைசிக் கட்டம். எனவே பரிசோதனையில் எண் குறைவாக வந்தால், பற்றாக்குறை அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் கவனிக்கக்கூடிய ஓர் அறிகுறி உண்டு. பிள்ளை பல்பம், சாம்பல், செங்கல் பொடி, பச்சரிசி, ஐஸ்கட்டி என்று எதையாவது விடாமல் தின்றுகொண்டிருந்தால் அடிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவில் இப்படி ஆசை வருவது உண்டு. மருந்து தொடங்கியதும் பல பிள்ளைகளுக்கு அது தானாகவே விட்டுப்போகும்.

எவ்வளவு இருந்தால் சரி? 10 இருந்தா போதும்னு சொல்றாங்களே?

போதாது. உலக சுகாதார நிறுவனம் வயதுக்கு ஏற்ப அளவு வைத்திருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. 5 முதல் 11 வயது வரை 11.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 12 முதல் 14 வரை 12-க்குக் கீழே. 15 வயதுக்கு மேல் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. பள்ளி வயதில் யாராக இருந்தாலும் 8-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. 11-க்குக் கீழே 8 வரை நடுத்தரம். 11-ஐத் தொட்டும் தன் வயதுக்கான எல்லையைத் தொடாமல் இருந்தால் லேசானது.

இதனால்தான் பிறந்த தேதியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். 11.7 என்ற எண் 11 வயதுப் பிள்ளைக்குச் சரி, 12 வயதுப் பிள்ளைக்குக் குறைவு. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருக்கலாம். இன்னொன்று, பத்தாம் வகுப்புப் பையன்கள். 12.4 வந்தால் எல்லோரும் நல்லா இருக்கு என்று அனுப்பிவிடுகிறார்கள். 15 வயது முடிந்த பையனுக்கு அது குறைவுதான்.

இது இவ்வளவு பேருக்கு இருக்கா, இல்ல நம்ம ஏரியாவுலதான் ஜாஸ்தியா?

நாடு முழுக்க இருக்கிறது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதமும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதமும் ரத்தசோகை உள்ளவர்கள். கவனித்தால் நடுவில் ஓர் ஓட்டை தெரியும்: 5 முதல் 14 வயது வரை, அதாவது பள்ளிப் பிள்ளைகளை, அந்த ஆய்வு சோதிப்பதே இல்லை. 2016–18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு அவர்களைச் சோதித்தது. இந்திய அளவில் 5 முதல் 9 வயதில் 24 சதவீதம், 10 முதல் 19 வயதில் 28 சதவீதம் என்று வந்தது. வளரிளம் பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 18.

வடசென்னைக்கு என்று தனி நோய் எதுவும் இல்லை. காலையில் டீயும் பன்னும், பிள்ளை எழும் முன்பே வேலைக்குக் கிளம்பும் அம்மா, குழாய்த் தண்ணீரோடு கலக்கும் கழிவுநீர், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருகின்றன. மீனவக் குடும்பங்களில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வருமானமும் குறையும், தட்டில் மீனும் குறையும். பள்ளி திறக்கும் ஜூன் மாதம் அதன் தொடர்ச்சியாகத்தான் வருகிறது.

எப்படி எடுப்பீங்க? ஊசி புதுசா?

நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில், ஓரமாக, ஒரே ஒரு குத்து. குத்தும் சிறு ஊசி ஒருவருக்கு ஒன்றுதான். உறையைப் பிள்ளைக்கு எதிரிலேயே பிரிக்க வேண்டும். பிரித்த உறையைத்தான் பார்த்தோம் என்றால் புதுசு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டைக் கருவியில் வைப்பார்கள். எண் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். காலையில் சாப்பிட்டுவிட்டு வரலாம், சாப்பிட்டே வருவதுதான் நல்லது. வெறும் வயிற்றில் வரிசையில் நிற்கும் பிள்ளை ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தால், அடுத்து நிற்கும் பத்துப் பேரும் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

ஸ்கூல்ல 10.2 வந்துச்சு, லேப்ல 11.6 வந்துச்சு. எதை நம்புறது?

லேபில் நரம்பிலிருந்து எடுத்து, தானியங்கிக் கருவியில் பார்த்த எண்ணை நம்புங்கள். விரல் குத்திப் பார்ப்பது யாருக்கு மேல்பரிசோதனை தேவை என்று பிரித்துக் காட்டும் வேலைக்கு மட்டுமே. அதில் பிழை வர வழி நிறைய. ரத்தம் சரியாக வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் குறையும். ஸ்பிரிட் காயும் முன்பே குத்தினாலும் எண் மாறும். கை சில்லென்று இருந்தால் ரத்தம் வராது, வராவிட்டால் பிழிவார்கள். ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப் வெயிலில் கிடந்திருந்தாலும் தப்புக் காட்டும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2015–16 தேசிய குடும்பநல ஆய்வு விரல் குத்திப் பார்த்ததில் இந்தியாவின் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை என்று வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்த ஊட்டச்சத்து ஆய்வு, நரம்பு ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் பார்த்தபோது, 1 முதல் 4 வயதில் 41 சதவீதம் என்றது. வயதுப் பிரிவு கொஞ்சம் வேறு என்றாலும், இவ்வளவு வித்தியாசத்தில் சோதித்த முறைக்கும் பெரிய பங்கு உண்டு. 2024-இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலும் நரம்பு ரத்தத்தையே பரிந்துரைக்கிறது.

அதற்காகப் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் நரம்பில் எடுக்க முடியுமா? முடியாது, வேண்டியதும் இல்லை. குத்துவதில் குறைவாக வந்தவர்களுக்கும் எல்லையை ஒட்டி வந்தவர்களுக்கும் மட்டும் சுகாதார நிலையத்தில் முழு ரத்தப் பரிசோதனை செய்தால் போதும். பழைய சாலி முறையில், அதாவது அமிலம் ஊற்றி நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையில், யாராவது எண் சொன்னால் மட்டும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது.

கண்ணைத் திறந்து பார்த்தே டாக்டர் சொல்லிடுவாரே?

கடுமையானதைச் சொல்லிவிடுவார். கீழ் இமை, நாக்கு, உள்ளங்கை, நகம் எல்லாம் வெளுத்திருந்தால் தெரியும். 10, 10.5 இருக்கும் பிள்ளையைக் கண்ணால் பிடிப்பது அனுபவமுள்ள மருத்துவருக்கே கடினம். பள்ளிகளில் நாம் தேடுவதில் பெரும்பாலோர் அந்த ரகம்தான்.

காய்ச்சல் வந்து போன வாரம்தான் எழுந்தான். இப்ப எடுக்கலாமா?

இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள். காய்ச்சலும் தொற்றும் எண்ணைத் தற்காலிகமாகக் குறைக்கும். டெங்கு வந்து போயிருந்தால் அதைச் சொல்லுங்கள். குளிர் நடுக்கத்தோடு விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிறது என்றால் முதலில் மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள். மலேரியா சிவப்பணுக்களையே உடைக்கும். சென்னையில் முன்பைவிடக் குறைந்திருக்கிறதே தவிர ஒழிந்துவிடவில்லை.

நான் கையெழுத்து போடலன்னா?

எடுக்க மாட்டார்கள், எடுக்கக் கூடாது. சம்மதக் கடிதம் தமிழில், படித்தால் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். முடிவு பெற்றோருக்கும், மருந்து கொடுக்கும் பொறுப்பில் உள்ள ஆசிரியருக்கும், சுகாதார ஊழியருக்கும் தெரிந்தால் போதும். பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவது, வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ‘உனக்கு ரத்தம் கம்மி’ என்று அறிவிப்பது எல்லாம் நடந்திருக்கிறது. பிள்ளைகள் அன்றைக்கே ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், அது வருஷம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். உங்கள் பள்ளியில் அப்படி நடந்தால் தலைமையாசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கம்மின்னு வந்துடுச்சு. அப்புறம் என்ன செய்யணும்?

8-க்குக் கீழே என்றால் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள் காலை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான், அங்கே குழந்தைகள் பிரிவு இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் உண்டு. மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது, படபடவென்று நெஞ்சு அடிக்கிறது, மயங்குகிறது என்றால் நாளை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

8-க்கு மேலே இருந்தால் உங்கள் பகுதி மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம் போதும். மருத்துவர் பிள்ளையின் எடையைப் பார்த்துத் தினசரி இரும்புச்சத்து மருந்து எழுதுவார். சின்னப் பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. ஒரு மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். அதற்குள் ஏறத்தாழ 1 கிராம் ஏறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. எண் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். முகம் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்துகிற பிள்ளைகள்தான் அடுத்த வருஷம் மறுபடி பட்டியலில் வருகிறார்கள். உடம்பின் சேமிப்பு நிரம்பியிருக்காது.

எழுதிக் காட்டும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அறுந்துபோவது இந்த இடத்தில்தான். மீன் வெட்டும் அம்மாவோ, ஏற்றுமதி கம்பெனியில் தைக்கும் அம்மாவோ ஓ.பி. நேரத்தில் வர வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும். ஒரு தடவை வருவார்கள். மாதாமாதம் வரச் சொன்னால் யார் வருவார்கள்? 2023-இல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் இயங்குவது இவர்களுக்குப் பெரிய உதவி. அதைவிட நன்றாகப் பலன் தருவது, பள்ளி நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் கண் எதிரிலேயே மாத்திரையை விழுங்க வைத்து, சனி ஞாயிறுக்கு மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது. வகுப்பில் ஒரு நோட்டு, அதில் ஒரு டிக். வேறு ஏற்பாடு தேவையில்லை.

குறைவாக வரும் பிள்ளைக்கு மருந்து எங்கிருந்து வரும், ஒரு மாதம் கழித்து யார் திரும்பச் சோதிப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாத இடத்தில் முகாம் போடவே கூடாது என்பது எங்கள் கருத்து. பேனர் கட்டி, ஐந்நூறு பிள்ளைகளின் விரலைக் குத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு, சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது பிள்ளைகளுக்கு வலியை மட்டும்தான் மிச்சம் வைக்கிறது. உங்கள் பள்ளிக்கு யாராவது முகாம் நடத்துகிறோம் என்று வந்தால் இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள்.

ஸ்கூல்ல ஏற்கெனவே வாராவாரம் மாத்திரை தர்றாங்களே, அது போதாதா?

அது தடுப்புக்கு. 2018-இல் தொடங்கிய ரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தின் அளவுப்படி 5 முதல் 9 வயதுக்கு ரோஸ் நிற மாத்திரை, 45 மில்லிகிராம் இரும்பு. 10 முதல் 19 வயதுக்கு நீல மாத்திரை, 60 மில்லிகிராம். இரண்டிலும் ஃபோலிக் அமிலம் இருக்கும். வாரம் ஒன்று. ரத்தசோகை வந்துவிட்ட பிள்ளைக்கு இந்த வார மாத்திரை போதாது, மருத்துவர் சொல்லும் தினசரி அளவு வேண்டும். தினசரி மருந்து சாப்பிடும் நாட்களில் வார மாத்திரையையும் சேர்த்துப் போடலாமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை போட்டா வயிறு வலிக்குது, மோஷன் கருப்பா போகுது. நிறுத்திடலாமா?

கருப்பாகப் போவது இயல்பு, பயப்பட எதுவுமில்லை. வயிற்று வலி, குமட்டல், மலச்சிக்கல் சிலருக்கு வரும். சாப்பிட்ட பிறகு போடுங்கள், இரவு படுக்கும் முன் கொடுத்துப் பாருங்கள், அப்படியும் முடியவில்லை என்றால் அளவை மாற்றிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். டானிக்காக இருந்தால் பல்லில் கறை படியும். கொடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னால் போதும். பாலோடும் டீயோடும் மட்டும் கொடுக்காதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டு ஒரு பொண்ணு செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே?

உண்மைதான். 2023 மார்ச்சில் ஊட்டியில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஏராளமான இரும்புச்சத்து மாத்திரைகளை விழுங்கினார்கள். ஒரு மாணவி இறந்துபோனார். சொன்ன அளவில் சாப்பிடும் மாத்திரை ஆபத்தில்லை, அள்ளி விழுங்கினால் விஷம். முக்கியமாக வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தைகள். ரோஸ் நிறத்தில் இனிப்புப் பூச்சோடு இருப்பதை மிட்டாய் என்றுதான் அது நினைக்கும். கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரை அட்டையும் அப்படித்தான். ஒற்றை அறை வீட்டில் எட்டாத இடம் என்று எதுவும் இருக்காது, தெரிகிறது; மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுப் பரண் மேல் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பள்ளியில் மாத்திரை டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்பது ஆசிரியர்களுக்கு.

சாப்பாட்டுலயே சரி பண்ண முடியாதா? பீட்ரூட், பேரீச்சம்பழம் எல்லாம் தர்றேன்.

ரத்தசோகை வந்துவிட்டால் சாப்பாட்டால் மட்டும் ஏற்றுவது நடக்காத காரியம். மருந்தோடு சேர்த்துச் சாப்பாடு, பிறகு திரும்ப வராமல் இருக்கச் சாப்பாடு, அப்படி யோசியுங்கள்.

பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே தவிர இரும்பு மிகக் கொஞ்சம்தான். பேரீச்சம்பழத்திலும் நாம் நினைக்கிற அளவு இல்லை. அதன் சிரப்பை விலை கொடுத்து வாங்குவதைவிட அந்தக் காசுக்கு ஈரல் வாங்கலாம். நம் பாட்டிமார் சொன்ன சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், உண்மையிலேயே நல்ல யோசனை. மண்ணீரலிலும் ஈரலிலும் இரும்பு நிறைய. கறியில் இருக்கும் இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். ஆட்டுக்கறி விலைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு மாட்டுக்கறி இருக்கிறது. புளியந்தோப்பு, வியாசர்பாடிக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சில ஊட்டச்சத்துக் கையேடுகள் அதன் பெயரையே எழுதாமல் தவிர்ப்பது ஏனென்று தெரியவில்லை, சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் கைக்கு எட்டுகிற நல்ல இரும்பு.

கீரை, பருப்பு, கம்பு, கேழ்வரகு, கொள்ளு, எள்ளு எல்லாவற்றிலும் இரும்பு உண்டு. ஆனால் தாவர இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். அதை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புளிப்பு: எலுமிச்சை பிழிவது, ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாத் துண்டு. இன்னொன்று கூடவே கொஞ்சம் மீனோ கறியோ. முருங்கைக்கீரையோடு நெத்திலிக் கருவாடு போட்டுச் சமைப்பவர்கள் இந்த இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். சத்துணவில் வரும் முட்டையைப் பிள்ளை தூக்கிப் போடாமல் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். அது புரதத்துக்கு, இரும்பை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சுண்டல் போடும் நாளில் சுண்டலை விட வேண்டாம்.

டீயை மட்டும் நிறுத்தச் சொன்னா எப்படி? அது இல்லாம அவன் எழுந்திருக்கவே மாட்டான்.

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். மீதிப் பாதி, டீயும் பன்னுமே காலைச் சாப்பாடாக இருப்பது.

இதில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நிஜமாகவே உதவியிருக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார் என்று வயிற்றில் ஏதோ ஒன்று விழுகிறது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவதும், வளர்த்தி வேகமெடுப்பதும், இரும்பு அதிகம் தேவைப்படுவதும் அதற்கு அடுத்த வகுப்புகளில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து காலையில் மறுபடி டீ பன்தான். இந்தத் திட்டத்தை நீட்டிப்பதில் யாராவது கருத்து கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது இது.

ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்குறாங்களாமே? தண்ணியில மிதக்குதே?

பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்த மணிகள். நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். கொஞ்சம் மஞ்சளாக, லேசாக இருப்பதால் சில மணிகள் மிதக்கும். பொறுக்கி எறியாதீர்கள். பல தடவை தேய்த்துக் கழுவுவதும் நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தைக் குறைக்கும். இதனால் மட்டும் ரத்தசோகை தீராது என்பதும் உண்மை.

பூச்சி மாத்திரை போட்டா ரத்தம் ஏறுமா?

கொக்கிப்புழு குடலில் ரத்தம் குடிக்கும். மற்ற புழுக்கள் சத்தைப் பிடுங்கும். புழு இருந்தால் இரும்பு கொடுத்தும் பலன் குறைவு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை மென்று சாப்பிட வைக்க வேண்டும். அன்றைக்குக் காய்ச்சலாக இருந்தால் விடுபட்டவர்களுக்கான நாளில் போட்டுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் சாக்கடை பொங்கி ஓடும் தெருக்களில் செருப்பு இல்லாமல் அனுப்பாதீர்கள்.

மூணு மாசமா மருந்து சாப்பிடுறா, ஏறவே இல்ல.

முதலில் ஒரு சங்கடமான கேள்வி: உண்மையிலேயே சாப்பிட்டாளா? ஜன்னல் வழியாகப் போன மாத்திரைகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். கசப்பு, வயிற்று வலி, தோழிகள் கேலி என்று காரணம் இருக்கும். திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் அது இரும்புக் குறைவாக இல்லாமல் இருக்கலாம். முழு ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு மிகச் சிறியதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருந்தால் மருத்துவர் தலசீமியாவை, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறையை, சந்தேகிப்பார். அந்த மரபணுவைச் சுமக்கும் பிள்ளைக்கு நோய் என்று எதுவும் இருக்காது, ஆனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். எத்தனை பாட்டில் டானிக் கொடுத்தாலும் ஏறாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. என்ற சோதனை தெளிவாகச் சொல்லிவிடும். சிவப்பணு பெரிதாக இருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு. கறி, முட்டை, பால் எதுவும் தொடாத பிள்ளைகளிடம் பி12 குறைவு அதிகம்.

எங்கள் பக்கம் தனியாகக் கேட்க வேண்டிய ஒன்று ஈயம். வீட்டிலோ பக்கத்திலோ பழைய பேட்டரி உருக்குவது, மின்கழிவு பிரிப்பது, பழைய பெயின்ட் சுரண்டுவது போன்ற வேலை நடக்கிறதா? ஈயம் உடம்பில் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். இரும்பு குறைவாக இருக்கும் பிள்ளையின் குடல் ஈயத்தை அதிகமாகவும் உறிஞ்சும். அப்படி வேலை நடந்தால் மருத்துவரிடம் நீங்களே சொல்லி, ரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

பொம்பளப் பிள்ளைக்கு ரத்தம் கம்மின்னு வெளியில தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணத்துக்குப் பிரச்சினை ஆகாதா?

பேரைப் பதிவேட்டில் எழுதாதீர்கள் என்று அழுத அம்மாக்கள் உண்டு. பயம் புரிகிறது. ஆனால் இது மூன்று நான்கு மாதத்தில் சரியாகிற விஷயம். இப்போது சரிசெய்யாமல் விட்டால் பிரசவ நேரத்தில் அது உயிருக்கே ஆபத்தாக வந்து நிற்கும். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டிப் போகிறது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி கட்டியாக வருகிறது என்றால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுவது எல்லாம் வெளியேறிக்கொண்டே இருக்கும். வகுப்பாசிரியர் ஆணாக இருந்தால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். ஓர் ஆசிரியையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

நாங்க வீடு மாறிப் போறோம், ஸ்கூலும் மாறுது. மருந்து பாதியில நிக்குதே?

குடிசைகளை எடுத்துப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று அனுப்பும்போது இது நிறைய நடக்கிறது. பள்ளிப் பதிவேடு பிள்ளையோடு போகாது. அதனால் கடைசியாகச் சோதித்த தேதி, எண், மருந்தின் பெயர், தினசரி அளவு, இதுவரை எத்தனை வாரம் சாப்பிட்டாள் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். கையில் குறைந்தது ஒரு மாத மாத்திரை இருக்கட்டும். புது இடத்தில் பள்ளியில் சேர்க்கும் வாரத்திலேயே பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அந்தத் தாளைக் காட்டுங்கள். முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்கச் சொன்னால், விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லிக் கேளுங்கள்.